உடைய வேண்டியது

ஆற்றின் நடுவில் ஒரே ஒரு சத்தம்.
பாறையில் மோதியது இல்லை;
உள்ளிருந்து, யாரோ நெட்டி முறித்ததுபோல.
ஜிபார் ஆக்ஸிலரேட்டரை மிதித்தாள்.
எஞ்சின் கத்தியது, பின்சக்கரம்
தனக்குச் சொல்லவில்லை என்பதுபோல் நின்றது.
பின்னிருக்கையில் பனிக்கட்டிப் பெட்டிக்குள்
நானூறு ஆட்டுக்கான தடுப்பூசி.
நாரின் மலைகளில் அக்டோபர் முதல் வாரம்.
தண்ணீர் கதவின் கீழ்விளிம்பை நக்கிக்கொண்டிருந்தது.

முன்சக்கரத்துக்கு விசையை மாற்றி
முனகி முனகிக் கரையேறியதை
அவள் யாரிடமும் பெருமையாகச் சொன்னதில்லை.
தண்டை உருவிப் பார்த்தாள்:
பல்வரி முடிகிற இடத்தில் பிழிந்த துணி மாதிரி முறுக்கு,
அறுந்த முகத்தில் மட்டும்
கற்கண்டு உடைத்தாற்போல் மினுக்கம்.
"இது எனக்கு ஆகுமா?" என்றான் மேய்ச்சல்காரன் எசென்குல்.
எடுத்துக்கொள் என்றாள்.

பலிக்ச்சியில் ஏரிக்காற்று அடிக்கும் இரும்புக்கொட்டகை.
உரிமையாளர் பெயர் ஷைலோபெக்.
தேர்தல் நாளில் பிறந்ததால் அப்பா வைத்தது,
அந்த மொழியில் ஷைலோ என்றால் தேர்தல்.
ஏறிச் செல்வதும் தேர், எடுத்துக்கொள்வதும் தேர்
என்று ஒரே நுகத்தில் பூட்டிய என் மொழிக்கு
அவரை உடனே பிடித்துவிட்டது.

பட்டாளத்து அச்சை முதலில் காட்டினார்.
சக்கரத்துக்குச் சக்கரம் தனிப் பல்பெட்டி,
வண்டியின் வயிறு நாலு விரல் உயரும்.
"ஆனால் ஊளையிடும், நாள் முழுக்க.
ஸ்டியரிங் கம்பிவரை மாற்றணும்.
எண்ணெய் கேட்க நாலு வாய் கூடுதல்."
அப்புறம் ஒன்று, ஒரே வார்ப்பில் ஓடு;
அவளுடைய பழையதைப்போல
இரண்டு பாதியைச் சேர்த்துப் போல்ட் போட்டது இல்லை.
கடைசியாக, சாக்கை விலக்கி,
தண்டு மட்டும் ஒரு ஜோடி:
சுரங்க லாரியின் எஃகில் கடைந்தவை.
சுத்தியலால் ஒன்றைத் தட்டினார்.
கொட்டகைப் பூனை எழுந்து போகும்வரை ஒலித்தது.
"இது உடையாது."

"அப்போ எது உடையும்?"

ஷைலோபெக் வாயைத் திறந்தார், மூடினார்.
கிரீஸ் விரல்களை மடக்க ஆரம்பித்தார்.
தண்டு தாங்கினால் டிஃபரன்ஷியல் பல்.
அதுவும் தாங்கினால் குறுக்குமூட்டு.
அதுவும் என்றால் கியர்பாக்ஸ்.
சுண்டுவிரலுக்கு வந்ததும் நிறுத்தி
உள்ளே பார்த்துத் தேநீர் கேட்டார்.

ஜிபார் தேநீரை ஆறவிட்டுக் கணக்குப் போட்டாள்.
தண்டு என்றால் ஆறு போல்ட்.
சக்கரத்தைக் கழற்ற வேண்டாம், ஜாக்கி வேண்டாம்,
கையுறையோடு, பல் கிட்டக் கிட்ட,
திட்டுவதற்கு ஆள் இல்லாத இடத்திலும் ஆகும்.
டிஃபரன்ஷியலுக்குப் பள்ளம் தோண்டணும்,
இன்னொரு ஆள் வேணும், வெயில் வேணும்.

ஒரே வார்ப்பு ஓட்டை எடுத்துக்கொண்டாள்.
உள்ளே போட சாதாரணத் தண்டு.
கம்பளித் துணியில் சுற்றி இருக்கைக்கடியில் இன்னும் இரண்டு.
"வலுவானதற்கு என்றுதானே வந்தாய்,"
ஷைலோபெக்கின் குரலில் நிஜமான வருத்தம்;
எஃகை மறுபடி சாக்கால் மூடினார்.
"ஆமாம். விலை சொல்லுங்கள்."
ஐந்நூறு சோம் குறைத்தார்,
தன் நொண்டிப் பசுவை வந்து பார்ப்பதாக
அவள் சத்தியம் செய்த பிறகு.

மே மாதம், அதே துறை.
மதகு திறந்ததுபோல் பனியுருகிய தண்ணீர்.
வண்டி இறங்கியது, ஒருமுறை தயங்கியது,
எதுவும் நெட்டி முறிக்கவில்லை. ஏறிவிட்டது.
இது தேர்வின் வெற்றியா, அன்றைய கற்களின் கருணையா
என்று அவளுக்கே தெரியாது.

எசென்குலின் கூடாரத்துக்கு முன்னால்
ஒரு செம்பழுப்புப் பெட்டைக்குதிரை
கட்டுத்தறியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது.
பின்னால் சாய்ந்து, கழுத்து நரம்பு புடைக்க.
கயிறு விறைத்தது. மண் வெடித்தது.
பாதிவரை தரையில் இறங்கியிருந்த அந்த முளை
அசையவே இல்லை.
துருவேறியிருந்தது.
தலையில், சுத்தியல் தழும்புகளுக்கு நடுவே,
முறுக்கிய பல்வரி.

ஜிபார் ஊசியை உறிஞ்சி நிரப்பினாள்.
"எந்த ஆடு முதலில்?" என்றாள்.